பிழைத்தவனின் கணக்கு

ஆன்மா என்று எதுவும் இல்லை என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுத்த சோவியத் நாட்டில், லாரிஸா ஷெபித்கோ ஆன்மாவைப் பற்றியே படமெடுத்தார். 1938இல் உக்ரைனில் பிறந்தவர். மாஸ்கோ திரைப்படக் கல்லூரியில் இயக்குநர் தவ்ஷென்கோவின் மாணவி. முதல் படத்தைக் கிர்கிஸ்தானின் கொடும் வெயிலில் எடுத்தபோது மஞ்சள் காமாலை கண்டு, ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே இயக்கியவர். 1967இல் எடுத்த குறும்படம் இருபது ஆண்டுகள் முடக்கி வைக்கப்பட்டது.

1977இல் வெளியான 'ஏற்றம்'தான் அவருடைய உச்சம். பெலாரஸ் எழுத்தாளர் வாசில் பிகவின் குறுநாவலைத் தழுவிய கதை அது. ஜெர்மானியர் பிடியில் இருக்கும் பெலாரஸில், பனிக்காட்டிலிருந்து உணவு தேடிப் புறப்படும் இரண்டு கொரில்லா வீரர்கள் பிடிபடுகிறார்கள். காட்டிக்கொடுத்தது, பரணில் ஒளிந்திருந்த அவர்களில் ஒருவனான சோத்னிகோவின் இருமல்.

விசாரணையில் அவன் மார்பில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் நட்சத்திரக் குறி சுடுகிறார்கள். அவன் வாய் திறப்பதில்லை. விசாரிக்கும் அதிகாரியாக நடித்தவர் சலனீத்சின். தார்க்கோவ்ஸ்கியின் படத்தில் தெய்வ ஓவியர் ருப்ளியோவாக வந்த அதே நடிகர். சோத்னிகோவுக்கோ ஏசுவின் ஓவியத்தை நினைவூட்டும் முகம். கொரில்லாப் போரை மதக் கதையாக்கிவிட்டார் என்று சோவியத் அதிகாரிகள் கொதித்ததில் வியப்பில்லை.

ஆனால் படத்தின் கனம் மற்றவனிடம், ரீபக்கிடம் இருக்கிறது. அவன் கோழையல்ல. நோயாளி நண்பனைக் குண்டுமழைக்கு நடுவே பனியில் இழுத்துக் காப்பாற்றியவன். உயிரோடு இருந்தால்தானே மறுபடி போராடலாம் என்பது அவன் கணக்கு. நம்மில் பெரும்பாலோர் போடக்கூடிய கணக்குத்தான். எதிரியின் போலீசில் சேர்கிறான், நண்பன் தூக்கிலிடப்படும்போது உடன் நிற்கிறான். பிறகு கழிப்பறையில் இடுப்பு பெல்ட்டால் தூக்குப் போட்டுக்கொள்ள முயல்கிறான், அதுவும் கைகூடவில்லை.

சோத்னிகோவ் தன் மனச்சாட்சியைக் காத்துக்கொண்டான், சரி. ஆனால் அவர்கள் ஒளிந்த பரணுக்குச் சொந்தக்காரி தெம்சிகா, சிறு குழந்தைகளின் தாய், அதே தூக்குமேடையில் தொங்குகிறாள். அவள் எந்தத் தியாகத்தையும் தேர்ந்தெடுக்கவில்லை. பழி முழுவதையும் தானே ஏற்பதாகக் கடைசியில் சோத்னிகோவ் சொல்கிறான். அதிகாரி அதைக் காதில் வாங்குவதில்லை. தன் ஆன்மாவைக் காப்பவன் அடுத்தவர் உயிருக்கும் பொறுப்பாளியா என்ற கேள்வி இங்கே வலிக்கிறது. கதைக்குள் இதற்கு ஆறுதலான பதில் இல்லை. அப்படி விட்டதே ஷெபித்கோவின் நேர்மை.

பெர்லின் விழாவில் படம் தங்கக் கரடி விருது பெற்றது. 1979 ஜூலை 2 அன்று, அடுத்த படத்தின் வேலையில் இருந்தபோது, கார் விபத்தில் அவரும் குழுவினர் நால்வரும் இறந்தார்கள். அந்தப் படத்தைக் கணவர் எலெம் கிளீமவ் முடித்துக் கொடுத்தார்.