கருணைக்குக் கண் வேண்டும்!

ஈகை சிறந்தது என்பதை எவரும் மறுப்பதில்லை. பசித்தவனுக்குச் சோறிடுவதும், வீழ்ந்தவனைத் தூக்கி நிறுத்துவதும், வீடிழந்தவனுக்குக் கூரை தருவதும் மனிதத் தன்மையின் மாண்புகள். நிலம் நடுங்கி ஊர்கள் சரியும்போதும், வெள்ளம் பெருகி வயல்கள் மூழ்கும்போதும், போர் மூண்டு மக்கள் புகலிடம் தேடி ஓடும்போதும், எங்கோ இருப்பவர்களின் உள்ளம் உருகுகிறது. உதவிக் கரம் நீளுகிறது. நல்லது, மிக நல்லது. ஆனால் எதையும் ஆராய்ந்து ஏற்கும் நெறியில் நிற்கும் நாம் இங்கே ஒரு கேள்வியைக் கேட்டாக வேண்டும்.

கொடுத்தவன் உள்ளம் நிறைந்தது, சரி. பெற்றவன் நிலை என்ன ஆயிற்று?

இப்படிக் கேட்பதே குற்றம் என்று கருதுவோர் உண்டு. நல்லெண்ணத்தோடு கொடுத்தான், அதுவே அறம். விளைவு எதுவாயினும் கொடுத்தவனுக்குப் புண்ணியம் உண்டு என்பது அவர்கள் வாதம். கொடுப்பவனுடைய கணக்கில் வரவு வைக்கப்படும் புண்ணியந்தான் அறத்தின் அளவுகோல் என்றால், பெறுபவன் யார்? அந்த வரவைப் பெருக்கிக் கொடுக்கும் வெறுங் கருவி! அந்த அளவுகோலை நாம் ஏற்பதற்கில்லை. ஏன் என்பதை, வாய் திறந்து முறையிடத் தெரியாத, பிறந்து ஆறு திங்கள்கூட நிறையாத பச்சிளங் குழந்தைகளை வைத்தே காண்போம்.

2006 மே 27. இந்தோனேசியாவின் சாவகத் தீவில், யோக்யகர்த்தா பகுதியில், விடியற்காலையில் நிலம் நடுங்கிற்று. 5,700க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இலட்சக்கணக்கானோர் வீடிழந்து வெட்டவெளியில் நின்றனர். உலகம் இரங்கிற்று, உதவிகள் குவிந்தன. அவற்றுள் ஒன்று, குழந்தைகளுக்கான பால்மாவு. கைக்குழந்தை இருந்த வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு அது இலவசமாகவே போய்ச் சேர்ந்தது. தாய்ப்பால் பெற்றுக்கொண்டிருந்த குழந்தையா, தாயற்ற குழந்தையா என்று கேட்டவர் இல்லை.

ஒரு திங்கள் கழித்து ஆய்வாளர்கள் வந்து கணக்கெடுத்தனர். நன்கொடைப் பால்மாவு பெற்ற வீட்டுக் குழந்தைகளில், ஒரே வாரத்தில் வயிற்றுப்போக்குக் கண்டவர் நூற்றுக்கு 25.4 பேர். பெறாத வீடுகளில் நூற்றுக்கு 11.5 பேர். இருமடங்குக்கும் மேல்! இரக்கம் நுழைந்த வீட்டில் நோயும் நுழைந்திருந்தது.

இரண்டு எண்களை அருகருகே வைத்து, இதனால்தான் அது என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது, காரணத்தையும் காட்ட வேண்டும். காரணம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. பால்மாவைக் கரைக்கத் தண்ணீர் வேண்டும். கிணறு இடிந்து கிடக்கிறது. தண்ணீரைக் கொதிக்க வைக்க விறகு வேண்டும், அடுப்பே இல்லை. புட்டியைக் கழுவ வேண்டும். கை கழுவவே நீரில்லை. டப்பா தீர்ந்து போகுமே என்று அஞ்சும் தாய், ஒரு கரண்டி மாவில் இரண்டு வேளைக்குக் கரைக்கிறாள். குழந்தையின் வயிறு நிறைகிறது, உடல் தேய்கிறது.

இதைவிடக் கொடியது ஒன்று, கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. குழந்தை சுவைக்கச் சுவைக்கச் சுரப்பது தாய்ப்பால். புட்டியில் வயிறு நிறைந்த குழந்தை மார்பில் வாய் வைப்பதில்லை. வாய் வைக்காத மார்பில் சுரப்பு குறைகிறது. பத்து நாளில் நன்கொடை டப்பா தீர்கிறது. பதினோராம் நாள் டப்பாவும் இல்லை, தாய்ப்பாலும் இல்லை!

அதே 2006ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானா நாட்டில் நிகழ்ந்ததையும் எண்ணிப் பாருங்கள். எச்.ஐ.வி. தொற்றுள்ள தாய்மாரின் பால் வழியே குழந்தைக்கு நோய் பரவாமலிருக்க, அந்நாட்டரசு இலவசமாகப் பால்மாவு வழங்கி வந்தது. உயர்ந்த நோக்கம்! அதை யாரும் பழிக்க முடியாது. அவ்வாண்டு சனவரி முதல் மார்ச்சு வரை பெருமழை கொட்டிற்று, குடிநீர் கெட்டது. குழந்தைகளிடையே வயிற்றுப்போக்கு வழக்கத்தைவிட 3 மடங்காகவும், சாவு 25 மடங்காகவும் பெருகின. தாய்ப்பால் பெறாத குழந்தைகளே பெரிதும் தாக்குண்டனர் என்பதை ஆய்வு காட்டிற்று. ஒரு நோயைத் தடுக்கக் கட்டிய அணையின் மறுபக்கம் வழியே மற்றொரு சாவு வந்து சேர்ந்தது.

எனில், உடல் வற்றி, எலும்பு தெரிய, அழவும் வலுவற்றுக் கிடக்கும் ஆறு திங்களுக்குட்பட்ட குழந்தைக்கு மருந்துதான் என்ன?

ஆறு திங்கள் கடந்த குழந்தையானால் விடை எளிது. வேர்க்கடலை, பாற்பொடி, சர்க்கரை, எண்ணெய், உயிர்ச்சத்துகள் ஆகியவற்றைப் பிசைந்து உறையிலிட்ட சிகிச்சை உணவு ஒன்றுண்டு. பிரெஞ்சு மருத்துவர் ஆந்திரே பிரியான் முதலியோர் 1990களின் நடுவில் உருவாக்கியது. தண்ணீர் வேண்டாம், அடுப்பு வேண்டாம். பிரித்தால் போதும், குழந்தை உண்ணும். எண்ணற்ற உயிர்களை அது மீட்டிருக்கிறது. ஆனால் ஆறு திங்கள் நிறையாத குழந்தைக்கு அது ஆகாது. அந்தக் குழந்தைக்கென உறையிலிட்ட அற்புதம் எதுவும் இல்லை.

அதற்கு மருத்துவம் செய்வோர் முதலில் நோய்த் தொற்றை நீக்குகின்றனர். உடற்சூடு குறையாமல் தாயின் மார்போடு அணைத்து வைக்கச் செய்கின்றனர். பின்னர் ஒரு மெல்லிய குழாயை எடுக்கின்றனர். அதன் ஒரு முனை, அளந்து ஊற்றிய சிகிச்சைப் பாலுள்ள குவளைக்குள். மறு முனை, தாயின் முலைக்காம்பருகே. குவளை மார்புக்குச் சற்றுக் கீழே பிடிக்கப்படுகிறது. குழந்தை மார்பைச் சுவைக்கிறது. குழாய் வழியே பால் ஏறி வாய்க்கு வருகிறது. சுவைப்பதாலேயே தாயின் சுரப்பும் மெல்ல மெல்ல மீள்கிறது. நாள்தோறும் எடை பார்க்கின்றனர். எடை ஏற ஏறக் குவளைப் பாலைக் குறைக்கின்றனர், பின்னர் நிறுத்திவிடுகின்றனர். தாய்ப்பால் மட்டுமே போதும் என்ற நிலைக்குக் குழந்தை திரும்பிய பிறகே வீட்டுக்கு அனுப்புகின்றனர்.

இங்கே நோயாளி ஒருவரல்லர், இருவர். தாய்க்கு உணவு, தாய்க்குத் தண்ணீர், தாய்க்கு மறைவிடம், தாய்க்கு ஓய்வு, தாய்க்கு ஆறுதல் என இவையெல்லாம் அந்தக் குழந்தையின் மருந்துப் பட்டியலில் அடங்கும். தாயைப் பட்டினி போட்டுவிட்டுக் குழந்தைக்கு டப்பா நீட்டும் உதவி, வேரைக் காயவிட்டு இலைக்கு நீர் தெளிக்கும் உதவி!

இவ்வளவு தெளிவான உண்மை நெடுங்காலம் உலகின் கண்ணில் படாதது ஏன்? அவசரகாலக் கணக்கெடுப்புகள் ஆறு முதல் ஐம்பத்தொன்பது திங்கள் வரையுள்ள குழந்தைகளையே பெரும்பாலும் அளந்தன. ஆறு திங்களுக்குட்பட்டது தாய்ப்பால் குடிக்கும். ஆகவே அதற்குக் குறையிராது என்றோர் ஊகம். ஊகத்தை எவரும் சோதிக்கவில்லை, சோதிக்காத ஊகமே நம்பிக்கையாயிற்று, நம்பிக்கை நடைமுறையாயிற்று. மூடநம்பிக்கை கோயில் வாயிலில் மட்டுமா குடியிருக்கிறது? எண்களும் அட்டவணைகளும் நிறைந்த அலுவலகத்திலும் அது குடியேறும்! 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வு அந்த ஊகத்தைத் தகர்த்தது: வளரும் நாடுகளில், ஆறு திங்களுக்குட்பட்ட ஏறத்தாழ 85 இலட்சம் குழந்தைகள் உடல் மெலிந்த நிலையில் இருந்தனர், அவருள் 38 இலட்சம் பேரின் நிலை கடுமையானது. அதன் பின்னரே, 2013இல், உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலில் இச்சிறு குழந்தைகளுக்கெனத் தனிப்பகுதி இடம்பெற்றது. 2023இல் வந்த வழிகாட்டுதல், தாயையும் சேயையும் சேர்த்தே பேணுமாறு கூறுகிறது.

பட்டினி கிடக்கும் தாய்க்குப் பால் ஏது? பேரதிர்ச்சியில் பால் வற்றிவிடாதா என்று கேட்பர். அதிர்ச்சியால் பால் இறங்குவது சிறிது நேரம் தடைப்படலாம், சுரப்பு நின்றுவிடுவதில்லை, குழந்தையை அணைத்துச் சுவைக்கவிட மீளும். ஊட்டம் குன்றிய தாய்க்கும் பால் சுரக்கிறது. சிசிலி வில்லியம்சு என்ற பெண் மருத்துவரை இங்கே நினைவுகூர்வோம். 1939இல் சிங்கப்பூரில், குழந்தைகளைக் கொல்லும் புட்டிப்பால் வாணிகத்தைச் சாடி 'பாலும் கொலையும்' என்னும் தலைப்பில் துணிந்து பேசியவர் அவர். பின்னர் சப்பானியர் பிடியில், சாங்கிச் சிறைமுகாமில் அடைபட்டார். அரைவயிற்றுக் கஞ்சிக்கும் பஞ்சமான அந்த முகாமில் 20 குழந்தைகள் பிறந்தன. இருபதும் தாய்ப்பால் அருந்தின. இருபதும் பிழைத்தன என்று அவர் பதிவு செய்தார்.

ஆனால் தோழர்களே, இதைக் கேட்டுத் தாய்மையின் தெய்விகம் என்று கைகூப்பக் கிளம்பிவிடாதீர்கள்! அந்தத் தாய் தெய்வமல்லள். பசியும் சோர்வும் உள்ள மனுசி. அவள் தன் உடலின் சேமிப்பைக் கரைத்தே பால் தருகிறாள். வணக்கம் செலுத்தி அந்தக் கடனைத் தீர்க்க முடியாது; சோறிட்டுத்தான் தீர்க்க வேண்டும். முகாமில் உணவு வரிசையில் அவளை முன்னே நிறுத்தாமல் அவள் தியாகத்தைப் புகழ்வது, பழைய ஏமாற்றின் புதிய பதிப்பு.

இன்னொரு மறுப்பும் உண்டு; அது வலுவானது. தாய் இடிபாட்டில் மாண்டுவிட்டாள், குழந்தை கதறுகிறது, அப்போதும் பால்மாவு கூடாதென்பீர்களா? ஒருநாளும் சொல்லமாட்டோம். தாய்ப்பாலைப் புதிய மந்திரமாக்கி, அந்த மந்திரத்துக்கு ஓர் உயிரைப் பலியிடுவதும் மூடத்தனந்தான். செவிலித்தாய் கிடைத்தால் நன்று. கிடைக்காவிடில் அந்தக் குழந்தைக்குப் பால்மாவே உயிர். அதற்குத் தடையின்றித் தரவேண்டும். தூய நீர், எரிபொருள், எளிதில் கழுவக்கூடிய குவளை, கரைக்கக் கற்றுக்கொடுக்கும் ஆள் ஆகிய அனைத்தையும் சேர்த்துத் தரவேண்டும். குழந்தைக்குத் தேவை தீரும்வரை தரவேண்டும். போட்ஸ்வானாவைத் தவிக்கவைத்த எச்.ஐ.வி. சிக்கலுக்கும் அறிவு வழி கண்டது: தாய்க்கு முறையாக மருந்து கொடுத்து அவள் பாலையே தரலாம் என்று 2010இல் உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டிற்று. ஆய்வு மாறினால் முடிவும் மாறும். அதுவே அறிவின் பெருமை.

இலவச டப்பாவுக்குப் பின்னே எப்போதும் இரக்கம் மட்டுமே நிற்பதில்லை; வாணிகமும் நிற்பதுண்டு. இன்று இலவசமாகப் பழகிய வாய் நாளை விலை கொடுத்து வாங்கும்! 1981இல் உலக சுகாதாரப் பேரவை, தாய்ப்பாலுக்கு மாற்றான பொருள்களின் விற்பனைக்கு நெறிமுறை வகுத்தது. ஆதரவு 118 நாடுகள். எதிர்ப்பு ஒன்றே ஒன்று: அமெரிக்கா. 1994இல் பேரவை அவசரகால உதவிக்கும் வரம்பிட்டது: தேவையுள்ள குழந்தைக்கே தருக, தேவையுள்ளவரை தருக, விற்பனைத் தூண்டிலாக்காதே. யோக்யகர்த்தா நடந்தது அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து! ஏட்டில் எழுதிய நெறி, கொடுப்பவன் நெஞ்சில் எழுதப்படவில்லை.

எழுத வேண்டியவர் யார்? நாம்தான். நாளை எங்கேனும் பேரிடர் என்று செய்தி வந்தால், உண்டியல் ஏந்தித் தெருவில் இறங்குவோர் நம் இளைஞர்களே. பால் டப்பா திரட்டுவது எளிது, படத்துக்கும் அழகாயிருக்கும். கைக்குழந்தையோடு நிற்கும் பெண்ணுக்கு ஒரு வேளை உணவு கூடுதலாகத் தருவதும், நான்கு கழி நட்டுத் துணி கட்டி அவளுக்கென மறைவிடம் அமைப்பதும், பயிற்சி பெற்ற செவிலியை அவளிடம் சேர்ப்பதும் படத்தில் பளிச்சிடா. ஆனால் குழந்தை பிழைக்கும்.

நல்லெண்ணம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நல்லெண்ணம் கால்; அது நடக்கும். எங்கே நடப்பதென்று காட்ட அறிவு என்னும் கண் வேண்டும். கண்ணில்லாக் கருணை, தான் தூக்க வந்த குழந்தையையே மிதித்துவிடக்கூடும். கொடுக்கும் கையை நீட்டுமுன், பெறுகிறவர்க்கு எது நன்மை என்று கேட்போம், கேட்டறிந்து கொடுப்போம். பேசத் தெரியாத அந்தக் குழந்தையின் பொருட்டுக் கேட்க, நம்மைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்?