சாட்சியத்தை மறைப்பது பேணுதலாகுமா?

சென்ற மழைக்காலத்தில் எங்களூரில் ஒரு மய்யித்தை அடக்கம் செய்யச் சென்றோம். மையவாடிக்குப் போகும் பாதையில் முழங்காலளவு தண்ணீர். சந்தூக்கைச் சுமந்தவர்கள் இருமுறை தடுமாறினார்கள். திரும்பி வருகையில் எல்லார் வாயிலும் ஏச்சுத்தான். அரசாங்கம் சரியில்லை; ஊராட்சி சரியில்லை; யாருக்கும் அக்கறையில்லை.

அவர்களில் பட்டப்படிப்பு முடித்த ஓர் இளைஞரிடம், "தம்பி, ஆகஸ்ட் 15-ல் கூடிய கிராம சபைக்குப் போனீரா?" என்று கேட்டேன்.

"அரசியல் ஒரு சாக்கடை மாமு! அதில் கால் வைத்தால் ஒளு முறிந்துவிடும்" என்றார்.

மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் அந்தச் சபைக்குப் போனவனல்லன்.

ஒதுங்கியிருப்பதே பேணுதல் என்று நம்மவர் பலர் எண்ணுகிறார்கள். ஆனால் பஜ்ருக்கு எழுந்து ஒளுச் செய்யும் குழாய்த் தண்ணீர், பள்ளிக்கு நடக்கும் தெருவின் விளக்கு, பிள்ளையின் பிறப்புச் சான்று, ரேஷன் அரிசி, வக்பு நிலத்தின் பட்டா, கடைசியில் மையவாடிப் பாதை - இவற்றில் ஆட்சியின் கை படாதது எது?

நாயகம் (ஸல்) அவர்கள் சொன்ன கப்பல் உவமை புகாரியில் பதிவாகியுள்ளது. மேல்தட்டில் சிலர், கீழ்த்தட்டில் சிலர். தண்ணீர் எடுக்க அடிக்கடி மேலே சென்று அங்குள்ளோருக்குத் தொல்லை தருவானேன் என்று, கீழே உள்ளவர்கள் தங்கள் பகுதியிலேயே துளையிட எண்ணுகிறார்கள். மேலே உள்ளவர்கள் அவர்களை விட்டுவிட்டால் எல்லாரும் மூழ்குவார்கள்; கையைப் பிடித்துத் தடுத்தால் எல்லாரும் தப்புவார்கள். துளையிட வந்தவர்களின் எண்ணம் கெட்டதன்று என்பதைக் கவனியுங்கள். சும்மா இருந்தவர்களோ ஒரு பாவமும் செய்யவில்லை, ஆனாலும் மூழ்குகிறார்கள்.

பாகிஸ்தானின் பேரறிஞர் முப்தி முஹம்மது ஷபீ (ரஹ்) அவர்கள் (மறைவு 1976), வாக்களிப்பது ஒரு சாட்சியம், ஒரு பரிந்துரை, ஒரு வக்காலத்து என்று விளக்கினார்கள். இன்னார் இந்தப் பொறுப்புக்குத் தகுதியானவர் என்று நாம் சாட்சி சொல்கிறோம். சாட்சியத்தை மறைக்கக் கூடாதென்று திருமறை (2:283) தடுக்கிறது. அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்க (4:58) ஏவுகிறது. அப்படியிருக்க, வாக்குச் சாவடியின் பக்கமே போகாதவர் தம்மைப் பேணுதலுள்ளவர் என்று எப்படிச் சொல்லிக்கொள்வார்? பணம் வாங்கிக்கொண்டு வாக்களிப்பவர் சாட்சியத்தை விற்றவர். நம் பெயர் தாங்கியவர் என்ற ஒன்றுக்காகவே தகுதியற்றவரை ஆதரிப்பதும் அமானித மோசடி என்றே எனக்குப் படுகிறது. சிலருக்கு இது கசக்கலாம்.

'சின்னப் பிள்ளைகளுக்கு அங்கே என்ன வேலை?' என்று கேட்கும் பெரியவர்களும் உண்டு. ஹலரத் உமர் (ரலி) அவர்கள் பத்ருப் போரில் கலந்துகொண்ட மூத்த ஸஹாபாக்களோடு இளைஞரான இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களையும் சபையில் அமர்த்தினார்கள். "இவர் வயதில் எங்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்களே!" என்று முறையிட்டவர் முன்னிலையில், சூரத்துந் நஸ்ரின் கருத்தென்ன என்று உமர் (ரலி) அவர்கள் வினவினார்கள். நாயகம் (ஸல்) அவர்களின் மறைவை அது முன்னறிவிக்கிறது என்று சொன்னவர் அந்த இளைஞர்தாம்.

நம் நாட்டில் வாக்களிக்கும் வயது 1989-ல்தான் 21-லிருந்து 18 ஆயிற்று. 17 வயது நிரம்பியவர் பட்டியலில் சேர முன்கூட்டியே மனுக் கொடுக்கலாமென்று 2022-ல் வழி செய்தார்கள். ஊரின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர், பெண்மக்களுந்தான். தண்ணீர்க் கஷ்டம் அவர்களைவிட யாருக்குத் தெரியும்!

ஜனவரி 26-ல் கூடிய கிராம சபைக்கு அந்த இளைஞரும் நானும் சேர்ந்து போனோம். எங்கள் மஹல்லாவிலிருந்து வந்தவர்கள் மொத்தம் ஆறு பேர். மையவாடிப் பாதையைப் பற்றித் தீர்மானம் எழுத அதன் சர்வே எண்ணைக் கேட்டார்கள். அறுவரில் ஒருவருக்கும் தெரியவில்லை. விசாரித்து எழுதிக்கொண்டு மே 1-ல் வருமாறு சொல்லியிருக்கிறார்கள்.