வெறுப்பு விரதமாகுமா?

கத்தரிக்காயைப் போல் எங்கும் எளிதில் கிடைக்கும் காயும் இல்லை. அதைப் போல் பலரால் ஒதுக்கப்படும் காயும் இல்லை எனலாம். 1960ஆம் ஆண்டில் தமிழகத்தோடு இணைந்த திருத்தணி வட்டாரத்தில், கே.ஜி.கண்டிகை போன்ற ஊர்களில் தமிழும் தெலுங்கும் கலந்தே வழங்குகின்றன. ஒரு வீட்டில் எண்ணெய்க் கத்தரிக்காய் எனப்படுவது அடுத்த வீட்டில் குத்தி வங்காய ஆகிறது. இரு வீட்டிலும் அதை விரும்பி உண்போரும் உளர். முகம் சுளித்து இலையோரம் தள்ளுவோரும் உளர்.

நம்மவருள் பலர் அறங்கருதி அக்காயை உண்பதில்லை. ஒரே காயில் எண்ணற்ற விதைகள் செறிந்திருத்தலின் அதனை வெகுபீஜம் என்று விலக்கினர் முன்னோர். இங்கு ஒரு வினா எழுகிறது. நாவுக்குப் பிடிக்காமையால் விட்டவரும் உயிரிரக்கத்தால் விட்டவரும் ஒருவரேயாவரோ? இருவர் இலையிலும் கத்தரிக்காய் இல்லை. புறத்தே நின்று காண்பார்க்கு வேற்றுமை தோன்றாது.

ஆசாரியர் சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இதற்குத் தெளிவான விடை தருகிறார். உடலுக்கு ஒவ்வாததையும் சான்றோர்க்குத் தகாததையும் விட்டுவிட வேண்டும். ஆனால் நுகரத்தக்க ஒன்றை, உள்ளத்தில் உறுதி கொண்டு விலக்குவதே விரதம் என்பது அவர் கருத்து. கத்தரிக்காய் உண்டால் நாக்கு அரிக்கும் என்பவர் அதை விடுவது அறிவுடைமை. பிடிக்கவில்லை என்பவர் விடுவது இயல்பு. இவ்விரண்டிலும் துறவு இல்லை.

இன்னும் நுணுகி நோக்கின், வெறுப்பு என்பது அறத்துக்கு அயலானது மட்டுமன்று, பகையும் ஆகும். மோகனீய கருமத்தின் வகைகளை எண்ணுமிடத்து, விருப்பாகிய ரதியோடு வெறுப்பாகிய அரதியையும், அருவருப்பாகிய ஜுகுப்சையையும் சேர்த்தே எண்ணினர். விருப்பு ஒரு கயிறு எனின், வெறுப்பு மற்றொரு கயிறு. காயின்மேல் எழுந்த வெறுப்பு காயோடு நிற்பதும் இல்லை. அடுப்படியில் வெந்து சமைத்தவர்மேல் கடுஞ்சொல்லாகவும், அதை உண்பவர்மேல் இகழ்ச்சியாகவும் அது பாய்கிறது. கொல்லாமையைப் போற்றும் இல்லத்தில் ஒரு காயின் பொருட்டு ஒருவர் மனம் புண்படுதல் தகுமா?

சாதுர்மாஸ்யக் காலத்தில் நான்கு திங்களுக்கு இன்னின்ன காய்களை விடுகிறோம் என்று நியமம் கொள்வது நம் வழக்கம். அப்பட்டியலில் முதலில் இடம்பெறுவன பெரும்பாலும் நாம் என்றுமே விரும்பாத காய்களே அல்லவா? பாகற்காயைக் கண்டாலே ஓடுபவர் பாகற்காயைத் துறப்பதால் அவர் புலன் சிறிதும் அடங்குவதில்லை. கணக்கு மட்டும் நிரம்புகிறது.

புறத்தவம் ஆறனுள் ஒன்றாகிய ரச பரித்தியாகம் சுவையானவற்றை விடுவதையே குறிக்கும். ஆகவே நியமம் கொள்ளும் நாளில், நாம் எதை வெறுக்கிறோம் என்று தேடாமல், எது இல்லாவிடில் உணவு இறங்காது என்று நம்மை நாமே கேட்போமாக. வெறுக்கும் காயை வசைச்சொல் இன்றி அமைதியாக விலக்குவோம். விரும்பும் ஒன்றை மகிழ்வோடு விடுவோம். முன்னது பண்பு, பின்னதே விரதம்.