மணமும் நம் விரதமும்

செடி ஓரறிவுயிர், அதற்கு மூக்கில்லை. தான் முகர இயலாத மணத்தை அது நாலறிவுடைய வண்டுக்காகக் காற்றில் விடுகிறது. வண்டு தேனுண்டு மகரந்தத்தைச் சுமந்து செல்கிறது; மலர் வருந்துவதில்லை; செடிக்கு வித்து உண்டாகிறது. மகரந்தம் சேர்ந்தபின் பெட்டூனியா போன்ற மலர்கள் மணத்தைக் குறைத்துக்கொள்கின்றன. தேவைக்கு மேல் செலவிடாமையை நாம் அம்மலரிடமும் கற்கலாம். நம் முனிவர்கள் இல்லறத்தாரை வருத்தாது ஆகாரம் ஏற்பதைப் பிராமரி என வழங்குவதும் வண்டின் நெறி நோக்கியே.

நாம் தேனை விலக்கினோம். ஆதலின் இச்சிற்றுயிர்களுக்குத் தீங்கிழைக்கவில்லை என அமைதி கொள்கிறோம். 2024-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று நம் அமைதியைக் கலைக்கிறது. வாகனப் புகை முதலியவற்றால் இரவுக் காற்றில் விளையும் ஒரு வேதிப்பொருள் மலரின் மணத்தைச் சிதைக்கிறது. மணம் சிதைந்தமையால் அந்துப்பூச்சிகள் மலரை நாடி வருவது குறைந்தது. பூச்சி பசித்திருக்கிறது, மலர் வித்தின்றி வாடுகிறது. நாமோ ஒன்றையும் அறியாமல் வண்டியில் கடந்து போகிறோம்.

கையால் கொல்லாமை மட்டும் போதுமா? கவனமின்மையால் விளையும் தீங்கும் ஹிம்சையே. பயனின்றித் தீங்கு விளைப்பதை விலக்குவது அனர்த்ததண்ட விரதம். பயனற்ற பயணத்தை விலக்குதலும் அதன்பாற்படும். அருகிலுள்ள ஜினாலயத்திற்கேனும் நாம் நடந்து செல்வோமாக!