புடலைப் பந்தரும் அந்துப்பூச்சியும்

தன் கையால் நட்டு நீரூற்றி வளர்த்த கொடியைப் புழு அரிக்கக் காண்பவன் அதனைக் கொல்லலாமோ, ஆகாதோ என்பது சிறுவினாப் போலத் தோன்றினும், அறத்தை விரும்புவோர் ஆராய்தற்குரிய வினாவேயாம்.

வீட்டுக் கோடியிலே புடலை, பாகல், வெள்ளரி முதலிய கொடிகளை அண்டி வாழும் ஓர் அந்துப்பூச்சியை நம்மவர் பலர் கண்டிருப்பர். அதன் சிறகின் நடுவிடம் ஒளி ஊடுருவும் வெண்மையும், ஓரம் கரும்பழுப்புமாயிருக்கும். வால்நுனியில் ஒரு மயிர்க்குஞ்சம் உண்டு. 1851ஆம் ஆண்டிலே சோண்டேர்ஸ் என்னும் ஆங்கிலேயர் இதனை இந்தியாவைக் குறிக்கும் பெயரால் விவரித்தெழுதினார். முட்டையினின்று வெளிப்படும் பச்சைப்புழு முதுகில் இரு வெண்கோடுகளை உடையது. அது நூல் நூற்று, இலையை மடித்து, உள்ளிருந்து நரம்பொழியப் பசுமையைத் தின்னும். இளம்பிஞ்சின் தோலையும் சுரண்டும். பின்னர் அம்மடிப்பிலேயே கூட்டுப்புழுவாகிச் சிறகு பெறும். சிறகு பெற்றபின் இலையைத் தீண்டாது.

இனிப் புடலையின் பூவை நோக்குவோம். விளிம்பு நூல் நூலாகப் பிரிந்த அவ்வெண்பூ இரவிலே விரிவது. ஆண்பூ வேறு, பெண்பூ வேறாதலின், மகரந்தத்தைக் கொண்டுசெல்வார் இல்லையேற் காயும் இல்லை. அவ்விராத்தொழிலுக்கு ஏற்றவை நீண்ட உறிஞ்சுகுழலுடைய பெரிய அந்துகளே. ஓர் அந்தின் புழு இலையைக் கெடுக்க, அதன் சுற்றத்தார் காயை உதவுகின்றனர். இவ்வினத்தை ஒருங்கே பகையென்பது எங்ஙனம் பொருந்தும்?

அஃதாயின், கொடியைப் புழுவுக்கு விட்டுவிட்டு நாம் வாளாவிருப்பதோ எனின், அன்று. குடும்பத்துக்கு வேண்டும் கறியைக் காத்தல் இல்வாழ்வான் கடமையாம். விடியலிற் பந்தரைச் சுற்றிப் பார்த்து, மடிந்த இலைகளைக் கிள்ளி அகற்றுதல் வீட்டுத் தோட்டத்திற்குப் பெரும்பாலும் போதும். கண்டபடி நஞ்சு தெளிப்பவனோ, புழுவோடு, அதனுடலில் முட்டையிட்டு அதன் பெருக்கத்தை அடக்கும் சிறு குளவியையும், இரவில் வரும் விருந்தினரையும் கூடவே கொல்லுகின்றான். பின்னர்ப் புழு பெருகுதலில் வியப்பென்னை?

குளவி கொல்லுதலின் நாமும் கொல்லுதல் தகும் என்பாருமுளர். குளவிக்கு வேறு வழி தெரியாது, நமக்குத் தெரியும். தெரிந்தவனுக்கே அறம் விதிக்கப்பட்டது.

இலையைக் கிள்ளுமிடத்தும் ஓருயிர் அழிகின்றது. அதனைத் தேவையென்று சொல்லலாம், புண்ணியமென்று சொல்லலாகாது. புழு குற்றஞ் செய்ததெனச் சினந்து நசுக்குபவன், தன் பசியைப்போலப் பிறிதின் பசியும் மெய்யென்பதை மறந்தவனாவான். அதனை மறவாதவன் கை தேவைக்கு மேற் செல்லாது என்க.