நால்வரைப் பெற்ற சக்ரவர்த்தி



புத்ரகாமேஷ்டி செய்து நான்கு திருக்குமாரர்களைப் பெற்றவர் தசரத சக்ரவர்த்தி. அவரினும் பாக்யசாலியான தகப்பனார் உலகில் யார்? ஆயினும் அவருடைய அந்திம வேளையில் அந்நால்வரில் ஒருவரும் அருகில் இல்லை. பெருமாளும் இளையபெருமாளும் வனத்தில். பரதாழ்வானும் சத்ருக்நாழ்வானும் கேகய நாட்டில், மாதாமஹன் இல்லத்தில். பெருமாள் காடேகிய ஆறாம் நாள் நள்ளிரவில் சக்ரவர்த்தியின் உயிர் பிரிந்தது. ஈமக்கடன் ஆற்றப் பிள்ளை இல்லாமையால் அமைச்சர்கள் அவருடைய மேனியை எண்ணெய் நிறைந்த தொட்டியிலிட்டுக் காத்தனர். வஸிஷ்டர் தூதரை விடுக்க, பரதாழ்வான் வழியில் ஏழு இரவுகளைக் கழித்து அயோத்தி வந்து சேர்ந்தான்.

தந்தையின் மறைவைக் கேட்டதும் அவன் அரசைப்பற்றி வினவவில்லை. புழுதி படிந்த தன்னைத் துடைத்துவிட்ட அந்தக் கை எங்கே என்று கதறினான். தந்தை கடைசியாகச் சொன்ன வார்த்தை யாது என்று கேட்டான். இராமன் முதலானோர் உடனிருந்து ஸம்ஸ்காரம் செய்திருப்பர், அவர்களே பாக்யசாலிகள் என்று எண்ணி நொந்தான். அவர்களும் அங்கு இல்லை என்பதைப் பின்னரே அறிந்தான்.

இந்த இடம் ஆழ்ந்து சிந்திக்கத் தக்கது. தமையன் பார்த்துக்கொள்வான் என்று தம்பி நினைக்கிறான். பெண் அருகில்தானே இருக்கிறாள் என்று பிள்ளை நினைக்கிறான். ஒருவர் அங்கிருப்பதாக மற்றவர் எண்ணிக்கொண்டிருக்கையிலேயே முதியவர் தனித்துப் போகிறார். அக்காலத்தில் எண்ணெய்த் தொட்டி, இக்காலத்தில் குளிர்ப்பெட்டி. கடல் கடந்த நாட்டிலிருந்து பிள்ளை விமானமேறி வந்து சேரும் வரையில் ஊர் காத்திருக்கிறது. உயிரோடிருந்த நாளில் காத்திருந்தவரோ அவர் ஒருவரே.

பிழைப்பின்பொருட்டுத் தூரதேசம் செல்வது குற்றமன்று. பெருமாள் சென்றது தந்தையின் வாக்கைக் காக்க. பரதன் சென்றது மாமன் அழைக்க. தூரத்திலிருப்பவர் செய்யவேண்டுவது யாது என்பதையும் பெருமாளே நடந்து காட்டியருளினார். கங்கைக்கரையில் சுமந்திரரைத் திருப்பியனுப்புகையில், தாங்கள் வருந்தவில்லை என்றும், 14 ஆண்டுகள் கழிந்ததும் மீண்டும் காணலாம் என்றும் தந்தைக்குச் சொல்லியனுப்பினார். தாய்க்கு வணக்கமும் க்ஷேமமும் தெரிவிக்கச் செய்தார். குறித்த நாள் தவறினால் தீப்புகுவதென்று பரதன் உறுதி பூண்டிருந்ததைத் திருவுள்ளத்திற்கொண்டு, திரும்பும் வழியில் பரத்வாஜ ஆச்ரமத்தில் தங்க நேர்ந்தபோது, சிறிய திருவடியை முன்னதாக அனுப்பி வைத்தார். காத்திருப்பவர் நாளை எண்ணிக்கொண்டிருப்பார் என்பதை ஸர்வேச்வரன் மறக்கவில்லை. ஞாயிறன்று பேசுவதாகச் சொன்ன மகனுக்கு அது பல அலுவல்களில் ஒன்று. தாய்க்கோ அந்த வாரம் முழுவதுமே அந்த ஒரு நாழிகைக்காகத்தான். வர இயலாவிடில் அதையாவது முன்கூட்டிச் சொல்லவேணும்.

பகவத் கைங்கர்யத்துக்கே பொழுது போதவில்லை என்பாரும் உளர். அவர்கள் பண்டரிபுரத்தை நினைக்கவேணும். முன்பு தாய் தந்தையரை மதியாதிருந்து, பின்பு மனந்திரும்பி அவர்களுக்குப் பணிவிடை செய்துகொண்டிருந்தான் புண்டரீகன். அவன் வாசலில் எம்பெருமான் வந்து நின்றான். புண்டரீகனோ ஒரு செங்கல்லை எடுத்துப் போட்டு, அதன்மேல் சற்றே நிற்கும்படி விண்ணப்பித்துவிட்டுப் பணிவிடையைத் தொடர்ந்தான். எம்பெருமான் முனியவில்லை. இடுப்பில் கை வைத்தபடி இன்றும் அக்கல்லின்மேலேயே நின்றருளுகிறான். பெற்றோர்க்குக் கொடுத்த பொழுதை அவன் தன் பொழுதாகவே கொண்டான்.

இவ்வுத்ஸவத்துக்கு வந்திருக்கும் அடியார்களில் பலர், நடக்கமாட்டாத முதியவரை வீட்டில் விட்டு வந்திருக்கக்கூடும். அவர் ஒரு காலத்தில் இதே திருவீதியில் தேர்வடம் பிடித்தவராயிருக்கலாம். ஊர் திரும்பியதும் தீர்த்தத்தையும் திருத்துழாயையும் ப்ரஸாதத்தையும் கையில் கொடுத்துவிட்டு எழுந்துவிடலாகாது. அருகில் அமரவேணும். தொலைவிலிருப்பவர் தொலைபேசியிலாவது அமர்ந்து பேசவேணும். கருட ஸேவையன்று என்ன சாற்றுப்படி, தேர் எப்போது நிலைக்கு வந்தது, மழை பெய்ததா என்றெல்லாம் அவர் கேட்பார். கேட்டதையே மறுபடியும் கேட்பார். மறுபடியும் சொல்லவேணும்.