பொலிக்குதிரையின் காவலும் அறம் என்னும் கேள்வியும்

விலங்கின் நடத்தையை அறம் என்று சொல்லலாமா என்னும் பழைய கேள்வியைக் காட்டில் வாழும் குதிரைக் குடும்பங்கள் மிகவும் கடினமாக்கிவிடுகின்றன. பொலிக்குதிரை, அதாவது இனவிருத்திப் பருவம் எய்திய ஆண்குதிரை, சில பெண்குதிரைகளோடும் அவற்றின் குட்டிகளோடும் ஆண்டுக்கணக்கில் கூடி வாழ்கிறது. அயல் ஆண் நெருங்கினால் குறுக்கே போய் நிற்கிறது. தலையைத் தரையளவு தாழ்த்தி, காதுகளைப் பின்னுக்கு மடித்து, தன் கூட்டத்தை அப்பால் ஓட்டிச் செல்கிறது. இதைக் கடமை என்றே சொல்லத் தோன்றும். ஆனால் பிரான்சின் தெற்கிலுள்ள ஒரு மேட்டுநிலத்தில் ஆள் தலையீடு குறைவாக வாழவிடப்பட்ட ப்ரஷெவால்ஸ்கி குதிரைகளிடையே, அதாவது மங்கோலியர் 'தாகி' என்றழைக்கும் காட்டினத்திடையே, ஆண்குதிரைகள் பச்சிளங்குட்டிகளைக் கொல்வதும் பதிவாகியிருக்கிறது.

அரிஸ்டாட்டில் தம் விலங்கியல் நூலில், தாயிழந்த குட்டியை மற்றப் பெண்குதிரைகள் வளர்க்கும் என்கிறார். மலட்டுக் குதிரை பிறர் குட்டியைப் பறித்துப் பாசத்தோடு வைத்துக்கொண்டாலும், பால் இல்லாததால் குட்டி மடிந்துபோகும் என்றும் சேர்க்கிறார். இந்த இரண்டாவது செய்தியே ஆழமானது. நல்லெண்ணம் ஓரிடத்திலும் நல்விளைவு வேறோரிடத்திலும் நிற்பதை அது காட்டிவிடுகிறது.

அறவுணர்வால் தூண்டப்படும் உயிர் வேறு, அத்தூண்டுதலை ஆராய்ந்து அதற்குப் பொறுப்பேற்கும் உயிர் வேறு என்று மெய்யியலாளர் மார்க் ரோலண்ட்ஸ் 2012-இல் வெளியான நூலில் வாதிட்டார். இப்பகுப்பை ஏற்றால் பொலிக்குதிரை பழியிலிருந்து விடுபடும், ஆனால் அதே நியாயப்படி புகழையும் இழக்கும். காவலை மட்டும் அறமாகக் கொண்டு, கொலையை இயல்பூக்கம் என்று ஒதுக்குவது நேர்மையான வாதம் ஆகாது. குட்டிக்கு நேர்ந்தது தீங்குதான். ஆனால் அதை இழைத்த உயிர் குற்றவாளி அன்று.

உண்மையில், காவலைவிடப் பெண்குதிரைகளின் நட்பே இக்கேள்விக்குத் தகுந்த சான்று. அவை எதிரெதிராக நின்று ஒன்றின் தோள்மேட்டை மற்றொன்று பல்லால் கோதிவிடும். அவ்விடத்தை மனிதர் அதேபோல் கோதிவிட்டபோது குதிரையின் இதயத்துடிப்பு தணிந்ததை 1993-இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து காட்டியது. நியூசிலாந்தின் கைமனாவா மலைப்பகுதியில், இரத்த உறவில்லாத பெண்குதிரைகளிடையே நட்பு வலுத்த அளவுக்கு அவற்றின் குட்டிகள் மிகுதியாகப் பிழைத்தன என்று 2009-இல் அறியப்பட்டது. பயன் விளைவதால் அது அன்பே அன்று எனச் சிலர் முடிவுகட்டுவர். ஓர் உணர்வு தலைமுறைகளினூடே நிலைபெற்ற காரணமும், அவ்வுணர்வு ஓர் உயிருக்குள் அக்கணத்தில் இருக்கும் நிலையும் ஒன்றல்ல என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். தன் துணையின் தோளைக் கோதும் குதிரை, பிழைக்கப்போகும் குட்டிகளைக் கணக்கிட்டுக் கோதுவதில்லை.